மிஞ்சிய புளித்தமா



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும், பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும் நேயர்கள் நினைவில் இருக்கும். அந்த ஆண்டில் உலகின் பல நாடுகளில் வீட்டோடு முடங்கிக் கிடந்த மக்கள் ரொட்டி சுடக் கற்றுக் கொண்டனர். கடைகளில் ஈஸ்ட் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே பலர், கோதுமை மாவையும் நீரையும் ஒரு கண்ணாடிப் போத்தலில் குழைத்து வைத்து, அது தானாகவே புளித்துப் பொங்கும்வரை காத்திருந்து, அதைக் கொண்டு ரொட்டி சுட்டனர். சவர்டோ என்று சொல்லப்படும் புளிப்பு ரொட்டி இதுதான். போத்தலில் வளரும் அந்த மாவுக்குத் தமிழில் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ் விவிலியத்தில் 'புளித்தமா' என்ற சொல் நெடுங்காலமாக இருக்கிறது. அதையே இவ்வுரையில் நாம் எடுத்துக் கொள்கிறோம்.

பள்ளி மீண்டும் திறந்த பின்னர், நொதித்தல் என்பதை மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட விரும்பி, வகுப்பறை அலமாரியில் ஒரு போத்தல் புளித்தமாவை வளர்த்தோம். சமையல் நூல்கள் சொல்லும் முறை இது: நாள்தோறும் போத்தலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக் கொட்டிவிட வேண்டும்; எஞ்சியதற்குச் சம எடை மாவும் சம எடை நீரும் இட வேண்டும். அப்படியே செய்து வந்தோம். நான்காம் நாள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "ஐயா, நல்ல மாவைத் தினமும் ஏன் கொட்டுறீங்க? அந்தக் காலத்திலேயும் இப்படித்தான் கொட்டினாங்களா?" என்று கேட்டாள்.

இரண்டு கேள்விகள். முதற்கேள்விக்கு விடை அறிவியலில் இருக்கிறது, அன்றைக்கே சொல்லிவிட்டோம். இரண்டாம் கேள்விக்கு விடை வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் இன்று நேயர்களோடு பகிர்ந்து கொள்ள வந்திருக்கிறோம்.

முதலில் அறிவியலைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கோதுமை மாவில் ஈஸ்ட் என்னும் நுண்ணிய காளான் வகையும், லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் ஏற்கெனவே உறங்கிக் கிடக்கின்றன. நீர் பட்டதும் அவை விழித்துக் கொள்கின்றன. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. அதனால் மா பொங்குகிறது. பாக்டீரியா அமிலத்தை உண்டாக்குகிறது. அதனால் மா புளிக்கிறது. நேரம் ஆக ஆக மாவில் உணவு குறையும், அமிலம் கூடும், ஈஸ்ட் சோர்ந்து போகும். பழைய மாவின் எடைக்கு ஈடாகப் புதுமாவு சேர்த்தால்தான் அமிலம் நீர்த்து, பொங்கும் ஆற்றல் திரும்பும். ஒப்புக்கு ஒரு கரண்டி போட்டால் போதாது.

அப்படியானால், எதையும் கொட்டாமல் நாள்தோறும் ஈடாக மாவு சேர்த்துக் கொண்டே போனால் என்ன ஆகும்? மாணவர்களையே கணக்கிடச் சொன்னோம். முதலில் 100 கிராம். அதனோடு 100 கிராம் மாவும் 100 கிராம் நீரும் சேர, முதல் நாள் 300 கிராம். மறுநாள் 900. மூன்றாம் நாள் 2,700. நான்காம் நாள் 8,100. இப்படி மும்மடங்காகப் பெருகி, ஏழாம் நாள் முடிவில் 218 கிலோ 700 கிராம் புளித்தமா நம் வகுப்பறையில் இருக்கும். அதில் சரிபாதி மாவு. அதாவது 109 கிலோவுக்கும் மேல். கடைசி வரிசைப் பையன் ஒருவன், "வகுப்புக்குள்ளே நாம இருக்க இடம் இருக்காது ஐயா!" என்றான்.

ஆகவே புளித்தமாவை வளர்ப்பவர் கொட்டித்தான் ஆக வேண்டும். அல்லது அதை உண்டுதான் ஆக வேண்டும். அந்தக் காலத்து மக்கள் இந்த இரண்டில் எதைச் செய்தார்கள்?

பழைய சான்று ஒன்றிலிருந்து தொடங்குவோம். ரோமானிய அறிஞர் பிளினி, கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர் துறந்தவர். அவர் எழுதிய 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலின் 18ஆம் பகுதியில் ரொட்டியைப் புளிக்க வைக்கும் முறைகளை வரிசையாகச் சொல்லிச் செல்கிறார். திராட்சை அறுவடையின்போது, புதிதாகப் பிழிந்த சாற்றில் தினை வகை மாவைப் பிசைந்து வைத்தால் ஓராண்டுக்கு வரும் என்கிறார். கோதுமைத் தவிட்டைச் சாற்றில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தி எடுத்து வைப்பதையும் சொல்கிறார். இவ்வளவும் சொல்லிவிட்டு, பொதுவாக மக்கள் இந்தச் சிரமமெல்லாம் படுவதில்லை, முந்தைய நாள் பிசைந்த மாவில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்து அதையே பயன்படுத்துகிறார்கள் என்றும் எழுதுகிறார்.

இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ரோமானிய இல்லத்தில் புளித்தமாவில் எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியதுதான் புளித்தமாவாக இருந்தது. பிசைந்த மா முழுவதும் ரொட்டியாக அடுப்புக்குள் போயிற்று; அதில் ஒரு பிடி மட்டும் நாளைக்கு என்று ஒதுக்கப்பட்டது. நாளை அந்த ஒரு பிடி பெருகி மீண்டும் ரொட்டி ஆயிற்று. நம் மாணவர்கள் போட்ட மும்மடங்குக் கணக்கு அங்கும் நடந்தது. ஆனால் பெருகியதை நாள்தோறும் வயிறு வாங்கிக் கொண்டது.

பிளினியைக் கொன்ற அதே எரிமலையின் சாம்பலில் புதையுண்ட ஊர்களிலிருந்து, அந்தக் காலத்து ரொட்டிகள் கரிக்கட்டையாகி, வடிவம் குலையாமல் கிடைத்துள்ளன. எட்டுத் துண்டுகளாகப் பிட்பதற்கு வசதியாக மேலே கோடு கீறிய வட்ட ரொட்டியை நேப்பிள்ஸ் நகர அரும்பொருளகத்தில் காணலாம். படத்தில் பார்த்தாலே மனம் என்னவோ செய்கிறது. யாரோ ஒருவர் பசியாற எடுத்து வைத்த ரொட்டி அல்லவா அது?

அதே நூலில் பிளினி இன்னொரு செய்தியும் தருகிறார். இன்று பிரான்சு எனப்படும் கால் நாட்டிலும், ஸ்பெயினிலும், தானியத்தில் மது காய்ச்சும்போது மேலே எழும் நுரையை மாவில் சேர்க்கிறார்கள். அதனால் அவர்களுடைய ரொட்டி இலேசாக இருக்கிறது என்கிறார். கள் ஊற்றி ஆப்பமாவு கரைக்கும் வழக்கத்தை அறிந்த நம் நேயர்களுக்கு இதில் பெரிய வியப்பு இராது. ஆனால் இந்த நுரையே பிற்காலத்தில் பாரிஸ் மாநகரில் பெரும் வழக்காகிவிட்டது. நுரை சேர்த்த ரொட்டி உடலுக்குக் கேடு என்று 1668ஆம் ஆண்டு பாரிஸ் மருத்துவப் புலத்தார் பெரும்பான்மை வாக்கில் தீர்மானித்தனர். 1670ஆம் ஆண்டு அங்குள்ள உயர் நீதிமன்றம், புளித்தமாவோடு கலந்து பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. மருத்துவர்கள் தடுத்தாலும், மென்மையான ரொட்டியை ருசி கண்ட நாக்கு விடவில்லை போலும்.

புளித்தமாவை வேண்டுமென்றே அழித்த மக்களும் இருந்தனர். யூதர்களின் பாஸ்கா பண்டிகையின்போது புளிப்பு எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. எகிப்திலிருந்து அவசரமாக வெளியேறியபோது மா புளிப்பதற்குக்கூட நேரம் இல்லாமற் போனதை நினைவுகூரும் விதி அது. மூலை முடுக்கெல்லாம் தேடி, புளித்தமாவை எரித்தோ வேறு வகையிலோ அகற்றிவிட்டு, பண்டிகை முடிந்ததும் புதிதாகத் தொடங்க வேண்டும். கொட்டுவதற்கு அங்கே சமயக் காரணம் இருந்தது; ஆண்டுக்கு ஒரு முறைதான் அதுவும்.

வட ஐரோப்பாவுக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே கோதுமையைவிட ரை என்னும் தானியமே ஏழைகளின் தானியம். ரை மாவு நன்கு வேக, புளிப்பு கட்டாயம் வேண்டும். ருசிய உழவர் வீடுகளில் மா பிசையும் மரத்தொட்டியைச் சுரண்டிக் கழுவுவதில்லை. மரத்தில் ஒட்டியிருக்கும் மாவே அடுத்த முறைக்குப் புளிப்பு. பின்லாந்தின் மேற்குப் பகுதியில் ஆண்டுக்கு ஒரு சில முறைதான் ரொட்டி சுட்டார்கள். நடுவில் துளையிட்ட தட்டை ரொட்டிகளைக் கம்பில் கோத்து, கூரைக்கடியில் உலரவிட்டு, மாதக்கணக்கில் தின்றார்கள். இத்தனை இடைவெளிக்கும் புளித்தமாவுக்கு யார் நாள்தோறும் மாவு ஊட்டுவது? யாரும் ஊட்டவில்லை. தொட்டியில் ஒட்டிய மா அப்படியே காய்ந்து கிடந்தது. அடுத்த முறை நீர் ஊற்றியதும் உயிர் பெற்றது. கழுவாத தொட்டியைக் கண்டு இன்றைய தாய்மார்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒரு பிடி மாவைக்கூடக் கொட்டாமல் புளிப்பை ஆறு மாதம் காப்பாற்றும் வழி அது.

போலந்து நாட்டார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ரை மாவையும் நீரையும் சில நாள் புளிக்க வைத்து, அந்தப் புளித்தமாவையே கரைத்துக் கொதிக்க வைத்துச் சூப்பாக்கினார்கள். ஷூர் என்பது அதன் பெயர். ஷூரெக் என்றும் சொல்வர். பூண்டு சேர்ப்பார்கள். வசதியுள்ள நாளில் தொத்திறைச்சியும் அவித்த முட்டையும் கூட்டிக் கொள்வார்கள். புலால் விலக்கிய தவக்காலத்தில் வாரக்கணக்காக இந்தப் புளிப்புச் சூப்புதான். அலுத்துப் போகாதா? அலுத்துத்தான் போயிற்று. தவக்காலத்தின் முடிவில், ஈஸ்டருக்கு முன்னால், சூப்புப் பானையைத் தூக்கிக் கொண்டு போய்க் குழியில் புதைத்தோ உடைத்தோ 'ஷூரின் சவ அடக்கம்' என்று ஊரார் கேலிச் சடங்கு நடத்தினார்கள். அத்தனை நாளும் வயிற்றை நிரப்பிய உணவுக்கு இப்படி ஒரு பிரியாவிடை! ஆயினும் ஷூர் சாகவில்லை. இன்றும் ஈஸ்டர் விருந்தில் அதற்கு இடம் உண்டு.

எத்தியோப்பியாவில் டெஃப் என்னும் சிறுதானிய மாவைப் புளிக்க வைத்து, நம் தோசையைவிடப் பெரிதாக இஞ்செரா என்னும் அடை வார்க்கிறார்கள். புளித்த மாவின் மேல் தெளிந்து நிற்கும் மஞ்சள் நீருக்கு எர்ஷோ என்று பெயர். அதை எடுத்து வைத்து அடுத்த மாவுக்கு ஊற்றுகிறார்கள். மேலே தெளியும் நீர்கூட வீணாவதில்லை.

இனி நாம் தங்கம் தேடிப் போனவர்களின் பின்னால் போக வேண்டும். மிஞ்சிய புளித்தமாவை அடுப்பிலிட்டு உண்ட கதை அங்கேதான் முழுமையாகக் கிடைக்கிறது.

1849ஆம் ஆண்டு கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடி மக்கள் குவிந்தபோது, சான் பிரான்சிஸ்கோ நகரின் புளிப்பு ரொட்டி புகழ் பெற்றது. அவ்வாண்டில் தொடங்கிய பூடின் என்னும் பிரெஞ்சுக் குடும்பத்தாரின் ரொட்டிக்கடை இன்றும் இருக்கிறது. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்போது ஒரு வாளியில் புளித்தமாவைக் காப்பாற்றி வைத்ததாக அந்நிறுவனத்தார் சொல்வதுண்டு. வாணிகர் சொல்லும் கதைகளை நாம் சற்று எட்ட நின்றே கேட்க வேண்டும். எனினும் கதை நன்றாகத்தான் இருக்கிறது.

இதற்கிடையே பெரிய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. நொதித்தல் என்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்று பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுகளில் நிறுவினார். 1868ஆம் ஆண்டு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிளைஷ்மன் சகோதரர்கள் அழுத்திக் கட்டியாக்கிய ஈஸ்ட்டை ஆலையில் செய்து விற்கத் தொடங்கினர். 1876ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அது பெயர் பெற்றது. கடையில் ஈஸ்ட் வாங்கி, சில மணி நேரத்தில் ரொட்டி சுடலாம் என்றாயிற்று. புளித்தமாப் பானை அடுப்படியிலிருந்து மெல்ல மெல்ல மறையத் தொடங்கியது.

ஆனால் கடையில்லாத இடத்தில் கடை ஈஸ்ட்டால் என்ன பயன்? 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள், கனடாவின் வடமேற்குக் கோடியில் யூக்கோன் பகுதியிலுள்ள ஓடை ஒன்றில் தங்கம் கிடைத்தது. பின்னர் அதற்குப் பொனான்சா ஓடை என்று பெயரிட்டனர். மறு ஆண்டு ஜூலையில் தங்கம் ஏற்றிய கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவிலும் சியாட்டலிலும் வந்து நின்றதும், ஏறத்தாழ 1 இலட்சம் பேர் வடக்கே புறப்பட்டனர் என்று கணக்கிடுகிறார்கள். டாசன் நகரை எட்டியவர்கள் 30,000 முதல் 40,000 பேர்தாம். எழுத்தாளர் ஜாக் லண்டனும் அவர்களில் ஒருவர்.

பெரும்பாலோர் சில்கூட் என்னும் கணவாயைக் கடந்து சென்றனர். பட்டினிச் சாவு நேரும் என்று அஞ்சிய கனடாவின் வடமேற்குக் குதிரைக் காவற்படையினர், ஓராண்டுக்கு வேண்டிய உணவு கையில் இல்லாதவரை உள்ளே விட மறுத்தனர். உணவு மட்டும் ஏறத்தாழ 1,150 பவுண்டு. கருவிகளோடு சேர்த்து 1 டன் அளவு. பனியில் வெட்டிய 1,500 படிகளில், முதுகில் 50, 60 பவுண்டு வீதம் சுமந்து, முப்பது நாற்பது முறை ஏறி இறங்க வேண்டியிருந்தது. அப்பகுதியின் பூர்வ குடிகளான திலிங்கிட் மக்கள் கூலிக்குச் சுமந்தனர். கையில் காசில்லாதவர் தாமே சுமந்தனர்.

அக்காலத்தில் அச்சிட்டு வழங்கிய பொருட்பட்டியலில் 400 பவுண்டு கோதுமை மாவு, 150 பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சி, 125 பவுண்டு அவரை, 8 பவுண்டு பேக்கிங் பவுடர், 2 பவுண்டு சோடா ஆகியவை காணப்படுகின்றன. இங்கே மீண்டும் நம் வகுப்பறைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 400 பவுண்டை 365 நாளுக்குப் பகிர்ந்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டுக்குச் சற்று அதிகம்; ஏறத்தாழ 500 கிராம் மாவு. நாம் வகுப்பறையில் நாள்தோறும் கொட்டியது 200 கிராம் புளித்தமா. அதில் 100 கிராம் மாவு. அப்படியே யூக்கோனில் ஒருவன் கொட்டியிருந்தால், தன் உணவு மாவில் ஐந்தில் ஒரு பங்கைப் பனியில் கொட்டியிருப்பான். ஓராண்டுக்கு 80 பவுண்டு. சில்கூட் படிகளில் ஒரு முழுச் சுமைக்கும் அதிகம்! முதுகு வலிக்கச் சுமந்த மாவை எவனாவது கொட்டுவானா?

அவன் என்ன செய்தான் என்று பார்ப்போம். இரவு படுக்கும் முன் பானையிலிருந்த புளித்தமாவில் மாவும் நீரும் சேர்த்துக் கலக்கி, அடுப்பருகே வைப்பான். வெளியே குளிர் வெப்பமானியில் சுழியத்துக்குக் கீழே 40, 50 என்று இறங்கிவிடும் நாட்களில், பானையைப் போர்வைக்குள்ளே அணைத்துக் கொண்டு படுத்தவர்களும் உண்டு. விடிந்ததும் பொங்கியிருக்கும் மாவில் ஒரு கிண்ணம் எடுத்துப் பானையில் திருப்பிப் போடுவான். அது நாளைய வித்து. மீதமுள்ளது அனைத்தும் அன்றைய பசியாறல். அதில் உப்பும் சிறிது சர்க்கரையும் உருக்கிய கொழுப்பும் சேர்த்து, கடைசியாக ஒரு சிட்டிகை சோடாவை நீரில் கரைத்து ஊற்றிக் கலக்கினால், மா நுரைத்துப் பொங்கும். உடனே வாணலியில் வார்த்துவிடுவான். ஃபிளாப்ஜாக் என்று அவர்கள் சொன்ன அடை அதுதான். முட்டையும் இல்லை, பாலும் இல்லை. இருந்தால் அல்லவா போடுவதற்கு?

சோடா ஏன் என்பதை விளக்க வேண்டும். புளித்தமாவில் உள்ள லாக்டிக் அமிலமும் சோடாவும் சேரும்போது கரியமில வாயு பிறக்கிறது, அடை மென்மையாகிறது. அதே வேளையில் அமிலம் முறிந்து புளிப்பும் அடங்குகிறது. எவ்வளவு புளித்துப் போன மாவாக இருந்தாலும் இந்த வழியால் உணவாகிவிடும். ஆனால் சோடாவைப் பானையில் போடவே கூடாது. போட்டால் வித்து கெட்டுவிடும். வார்க்கப் போகும் மாவில் மட்டுமே, அதுவும் வார்ப்பதற்குச் சற்று முன்னர் சேர்க்க வேண்டும். இந்த ஒழுங்கைப் பள்ளிக்கூடம் எட்டாத சுரங்கத் தொழிலாளர்கள் நன்றாக அறிந்திருந்தனர். பட்டியலில் இருந்த 8 பவுண்டு பேக்கிங் பவுடர் ஒரு நாள் தீர்ந்துவிடும், பானை தீராது.

இந்தப் பானையோடு ஒட்டிப் பிறந்த வாழ்க்கையால், வடக்கே பழகிய மனிதனுக்கே 'சவர்டோ' என்று பெயர் வந்துவிட்டது. புதிதாக வந்தவனுக்குச் சீச்சாக்கோ என்று பெயர். ஆறு உறைவதையும், அடுத்த இளவேனிலில் பனிக்கட்டி உடைந்து ஓடுவதையும் இருந்து பார்த்தவனே சவர்டோ ஆவான். வங்கி எழுத்தராக யூக்கோனில் வேலை பார்த்த ராபர்ட் சர்வீஸ், 1907ஆம் ஆண்டு வெளியிட்ட கவிதை நூலுக்கு 'ஒரு சவர்டோவின் பாடல்கள்' என்றே பெயர் சூட்டினார். பல நாள் மாவு ஊட்டாமல் விட்டால் புளித்தமாவின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு நீர் தெளியும். அதற்கு ரொட்டி சுடுவோர் வழங்கும் பெயர் 'ஹூச்'. அலாஸ்காவின் திலிங்கிட் குடியினருள் ஹூட்ஸ்னுவு என்னும் பிரிவினரின் பெயர் திரிந்து, அப்பகுதியில் காய்ச்சிய மதுவுக்கு ஹூச் என்று பெயராகி, அந்தப் பெயரே போத்தலுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

சவர்டோவின் வாழ்வை நாம் அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம். அவன் உணவில் பச்சைக் காய்கறியும் பழமும் இல்லை. சொறிகரப்பான் நோய் பலரை வாட்டியது. ஜாக் லண்டனையும் விடவில்லை. புளித்தமா வயிற்றை நிரப்பியது. அந்த நோயைத் தடுக்கவில்லை.

அப்படியானால், கொட்டும் பழக்கம் எப்போது வந்தது? நம் கருத்து இது. நாள்தோறும் ரொட்டி சுட்ட வீட்டில் கொட்ட எதுவும் இருக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு சில முறை சுட்ட வீட்டில் தொட்டி காய்ந்து கிடந்தது; அங்கும் கொட்ட எதுவும் இல்லை. ஆலை ஈஸ்ட் வந்து, வீட்டு ரொட்டி மறைந்து, கடை ரொட்டி வழக்கமான பிறகு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புளிப்பு ரொட்டி மீண்டும் ஒரு விருப்பக் கலையாகத் திரும்பி வந்தது. 1971ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்களான கிளைன், சுகிஹாரா ஆகியோர், சான் பிரான்சிஸ்கோ புளித்தமாவில் ஓர் ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் போட்டியின்றிக் கூடி வாழ்வதை வெளிப்படுத்தினர். மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையை பாக்டீரியா உண்கிறது. ஈஸ்ட் அதைத் தொடுவதில்லை, வேறு சர்க்கரையை உண்கிறது. அந்த பாக்டீரியாவுக்கு அந்நகரின் பெயரையே சூட்டினார்கள். பிரான்சில் 1993ஆம் ஆண்டு ஆணை ஒன்று, எந்த ரொட்டியைப் புளித்தமா ரொட்டி என்று சொல்லி விற்கலாம் என்பதை வரையறுத்தது. ஆர்வலர் பெருகினர். ஆனால் அவர்கள் வாரத்துக்கு ஒரு முறைதான் ரொட்டி சுட்டார்கள். புளித்தமாவுக்கோ, நாள்தோறும் சுடும் ரொட்டிக்கடையின் முறைப்படி நாள்தோறும் மாவு ஊட்டினார்கள். ஊட்டுவது கடை முறையில், உண்பது வீட்டு முறையில்! இடையில் விழுந்த ஆறு நாள் மாவுதான் இன்று நாம் கொட்டும் மா.

2020ஆம் ஆண்டில் மாவும் தட்டுப்பட்டபோது, கொட்டுவது பலருக்கு உறுத்தியது. மிஞ்சிய மாவைக் கொண்டு செய்யும் பலகாரங்கள் வீடுதோறும் பேசப்பட்டன. அவற்றில் சிலவற்றைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. அரைக் கிண்ணம் மாவைக் காப்பாற்ற, கால் கிலோ வெண்ணெயும் நான்கு முட்டையும் அதற்கு மேல் சாக்லேட்டும் வாங்கி வரச் சொல்கிறார்கள். இது சிக்கனம் ஆகாது. புளித்த தோசை மாவை ஊத்தப்பமாகவும் பணியாரமாகவும் ஆக்கித் தீர்க்கும் நம் வீட்டுப் பெண்கள் கேட்டால் என்ன சொல்வார்களோ!

எளிய வழிகள் வரலாற்றிலேயே இருக்கின்றன. மிஞ்சியதை மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் சேர்த்து வைத்து, வாரத்துக்கு ஒரு நாள் சுரங்கத் தொழிலாளியைப் போல் அடை வார்க்கலாம். ஒரு கிண்ணம் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, சிறிது உப்பு, அரைத் தேக்கரண்டி ஆப்பச் சோடா போதும். வெங்காயமும் மிளகாயும் நறுக்கிப் போட்டால் சர்க்கரை வேண்டாம். வாட்டடுப்பு உள்ளவர்கள், புதுமாவும் எண்ணெயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்துக் கட்டங்களாக வெட்டி, மொறுமொறுப்பான பிஸ்கட்டாகச் சுடலாம். ரொட்டியைப் பொங்க வைக்க மட்டும் இந்தப் பழைய மாவை நம்ப வேண்டாம். அதன் அமிலம் மாவின் பசையை அரித்துவிட்டிருக்கும், ஈஸ்ட்டும் சோர்ந்திருக்கும். இளஞ்சிவப்போ ஆரஞ்சு நிறமோ படர்ந்திருந்தால், பூஞ்சணம் பூத்திருந்தால், எந்தத் தயக்கமும் இன்றிக் கொட்டிவிட வேண்டும். வேகாத மாவை நக்கிப் பார்ப்பதும் கூடாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று, போத்தலைச் சிறிதாக வைத்துக் கொள்வது. 100 கிராமுக்குப் பதில் 20 கிராம் வைத்துக் கொண்டால், ஒரு முறைக்கு 20 கிராம் மாவு போதும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வாரத்துக்கு ஒரு முறை ஊட்டினால் போதுமானது. ரொட்டி சுடும் நாளுக்கு முதல் நாள் மட்டும் பெருக்கிக் கொள்ளலாம்.

நம் வகுப்பறைப் புளித்தமாவுக்கு என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேள்வி கேட்ட அதே வாரத்தின் வெள்ளிக்கிழமை, பள்ளிச் சிற்றுண்டிச் சாலை அம்மாவிடம் சொல்லி, சேர்ந்திருந்த மாவு முழுவதையும் வெங்காயம் போட்டு வார்த்தோம். முதல் அடை கல்லில் ஒட்டிக் கருகிப் போயிற்று. சோடாவை முன்கூட்டியே கலந்துவிட்டதால் அடுத்த இரண்டும் சப்பையாகப் போயின. அதற்குப் பின் வந்தவை நன்றாக இருந்தன. கருகியதையும் பையன்கள் விடவில்லை.

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கியது. யார் வீட்டுக்குப் போத்தலைக் கொண்டு போவது என்று சண்டை. பின்லாந்துக்காரரின் தொட்டியை நினைத்துக் கொண்டு, மிஞ்சிய புளித்தமாவை ஒரு பாலித்தீன் தாளில் மெல்லியதாகப் பூசி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலரவிட்டு, சிப்பம் சிப்பமாக உரித்தெடுத்து நொறுக்கி, காகித உறைகளில் போட்டோம். ஆளுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் 17 உறைகள். அந்த மாணவி தன் உறையின் மேல் தேதியை எழுதிக் கொண்டாள். பதினெட்டாவது உறை நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பள்ளி திறந்ததும் இளஞ்சூட்டு நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும்.